சுவரின் நிறத்தில் ஒரு சொல்

வீட்டில் அவள் வேலை செய்யும் அறைக் கதவின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பார்க்காமலே நீட்டிய கை வெறும் பலகையில் பட்டு வழுக்கியது. குனிந்து பார்த்தபோது ஒரு சாண் கீழே இருந்தது. பித்தளையின் மஞ்சள் தேய்ந்து, கதவின் வெள்ளையோடு ஒட்டிப்போன மாதிரி. பெயின்ட் அடித்தவர்கள் அதன்மீதும் பூசிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். பெயின்ட் அடித்துப் பல வருடமாகிறது என்பது மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செல்போன் திரையில் எந்தப் பட்டன் எங்கே, என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று வரைவது அவள் வேலை. தனியாக இருக்கும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்து, மாத்திரையை நினைவூட்டும் செயலி அது. ‘துணை’ என்று பெயர். வேண்டாம் என்பவர்கள் அதைவிட்டு விலகும் பக்கத்தைக் கடைசியாக அவளிடம் கொடுத்திருந்தார்கள். ‘இருக்கிறேன்’ என்பதைக் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், பெரிதாக, பச்சையாக வைத்தாள். ‘விலகுகிறேன்’ என்பதைச் சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் எழுத்தாகக் கீழே ஒதுக்கினாள். அதையும் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் வெளிறச் செய்து, திறக்கும்போதெல்லாம் வேறு இடத்தில் போய் நிற்கும்படி செய்தாள். அந்த யோசனையை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

காலையில் குழு திரையில் கூடியது. தலைவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பட்டப்பெயர்; வீட்டிலிருந்து பேசும்போதும் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாது.

“வெளிய போறவங்க அநேகமா யாருமே இல்ல,” என்றார். “நம்ம பொண்ணு கட்டின வாசல். எறும்புகூடத் தாண்டாது.”

“பாவம்ல சார்,” என்றாள், சிரித்துக்கொண்டே.

“என்ன பாவம்? நல்ல டிசைன்னா ஆளை யோசிக்கவே விடக் கூடாதும்மா. யோசிச்சா போயிடுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. டொக். கண்ணாடியில் நகம் படும் சத்தம். சற்று நேரம் கழித்து மறுபடியும். டொக்.

அத்தை. அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு இவளோடு வந்து தங்கியவள். பகலெல்லாம் வேலையில் இருக்கிறோமே, பேச்சுக்கு ஆளிருக்கட்டும் என்று அத்தையின் போனில் துணையை ஏற்றிக் கொடுத்ததும் இவள்தான்.

மதியம் அத்தை போனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

“கண்ணு, இதுக்குள்ளயிருந்து எப்படி வெளிய வர்றது? ராவெல்லாம் தூங்கிட்டீங்களான்னு கேக்குது. தூங்கினவ எப்படிடி பதில் சொல்லுவா? போறேன்னா, ஏன் போறீங்கங்குது. உங்க மாமாகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்ல.”

“தேடிப் பாருங்க அத்தை.”

“தேடாமயா இருக்கேன்? பழைய போன்ல பச்சைய அமுக்கினா பேசும், சிவப்பை அமுக்கினா வைக்கும். அது மனுஷன் செஞ்சது. இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சா…” அத்தை நிறுத்திக்கொண்டாள். “அவனைச் சொல்லி என்ன. எனக்குத்தான் புத்தி மட்டு.”

வாங்கி, சாம்பலுக்குள் அந்தச் சொல் இப்போது எங்கே நிற்கிறதென்று பார்த்து, ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். ஆனால் அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டால்? அவளுக்குக் காது மடல் சுட்டது.

“வேலை இருக்கு அத்தை. அப்புறம் பாக்கறேன்.”

“பாருடி, பாரு. நானே தேடிக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. டொக். பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் பழுப்பாகி, மேசைக்கடியில் நிழல் தேங்கி, கணினியின் சூடு அறையில் புழுக்கமாய் ஏற ஏற, நகத்தின் தட்டல் மட்டும் ஒரே அளவில், யாருக்கும் தொந்தரவு தரக் கூடாதென்று அடக்கி வைத்ததுபோல் வந்துகொண்டிருந்தது. அவள் காதில் இசையை மாட்டிக்கொண்டாள். கழற்றியபோது சத்தம் மாறியிருந்தது.

அது கண்ணாடியில் படும் சத்தம் இல்லை. மரத்தில் படுவது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி மாறியது. இப்போது சுண்ணாம்புச் சுவர்.

எழுந்தாள். கைப்பிடி கணுக்காலருகே இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, தடவித்தான் பிடித்தாள். வெளியே நடை இருட்டாக இருந்தது. அத்தையின் அறை இடப்பக்கம். இடப்பக்கம் முழுவதும் சுவர்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழவழப்பு. சார்ஜில் கிடக்கும் போனின் முதுகுபோல் இளஞ்சூடு.

“அத்தை?”

“இங்கதான் கண்ணு இருக்கேன்.” குரல் மிக அருகில், பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல். “கதவைத்தான் காணோம். இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. கை வச்சா அந்தப் பக்கம் போயிடுது. சிரிக்காதே. வயசாயிடுச்சுல்ல.”

“அத்தை, உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“உன் வேலையக் கெடுத்துட்டேன்.”

அதற்குமேல் தாங்கவில்லை. நெற்றியைச் சுவரில் பதித்துக்கொண்டு சொன்னாள். “நான்தான் செஞ்சேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் மறைச்சு வச்சேன். மத்தியானமே தெரியும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல.”

உள்ளே தட்டல் நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு.

“அப்பாடா.” அத்தையின் குரலில் கோபமே இல்லை. “நீதான் செஞ்சியா. அப்போ உனக்குத் தெரியும். எங்க இருக்குன்னு சொல்லு, வந்துடறேன்.”

எங்கே என்று அவளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாதென்றுதானே செய்தாள்.

“கண்ணு?”

தடவினாள். மேலே. கீழே. மூலையில். விரல் நுனியில் ஏதோ கோடு தட்டுப்பட்டு, அழுத்துவதற்குள் நகர்ந்தது. வாசல் பக்கம் திரும்பினாள். அங்கேயும் வாசல் இல்லை. வெறும் சாம்பல். அவள் வேலை செய்யும் அறை மட்டும் கதவை அகலத் திறந்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில், பச்சையாக ஒளிர்ந்தது.

“பரவால்ல கண்ணு. நான் தட்டிக்கிட்டே இருக்கேன்.”

டொக்.

எதிர்ச்சுவரிலும் ஒன்று. டொக்.

தலைக்கு மேலே. காலுக்கடியில். ஒவ்வொரு சுவருக்குள்ளும், அடிக்கு ஒன்றாக, முதிர்ந்த நகங்கள். ஒன்றுகூட ஓங்கித் தட்டவில்லை. நடுநடுவே, யார் யாருடையதோ குரல்கள், வெளியே வர வழி கேட்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.