சுகந்தியின் ஏழு ஆண்டுகள்

ஜெபசிங் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். சுவர்த்திரையில் மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்தான்.

டாக்டர் இர்ஃபான். குழந்தைகள் மூளை நரம்பு அறுவை நிபுணர். வயது முப்பது. பணிப் பின்னணி: ஏழு ஆண்டுகள், ஆயிரத்து நூறு அறுவைகள்.

அந்த ஏழு ஆண்டுகளும் ஜெபசிங்கின் மனைவி சுகந்தியுடையவை. அவள் அறுவை அரங்கிலேயே விழுந்து இறந்து ஓராண்டு ஆகிறது. அறுவை அரங்கில் அவள் விரல்கள் அசைந்த விதம் முழுவதையும் அவள் அணிந்த உணர்கையுறை பதிந்து வைத்திருந்தது. அந்தக் கைப்பதிவை இன்னொருவர் நரம்பில் ஏற்றலாம். அரங்கில் பேசிய பேச்சும் கூடவே ஏறிவிடும். இறந்தவரின் ஆண்டுகள் பெற்றவரின் பின்னணியில் சேரும். கணவனோ மனைவியோ ஆண்டுதோறும் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் பதிவை அழித்துவிடுவார்கள்.

ஒப்புதல் தர இன்று கடைசி நாள். இர்ஃபானே ஒப்புதல் பலகையோடு வீட்டுக்கு வந்தான்.

“நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன்ண்ணே. மூணு வயசு. மூளையில கட்டி. என் சொந்தக் கைய நம்பித் தொட முடியாது.”

ஜெபசிங் கொடுத்த பால் மேசையில் கொஞ்சம் சிந்தியது. இர்ஃபான் துணியை எட்டாக மடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, ஒற்றி எடுத்தான். துடைக்கவில்லை. சுகந்தியும் துடைக்கமாட்டாள்.

“கல்யாணமாகி மூணு வருசம். அவ முழிச்சிருந்து நான் பாத்தது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். மிச்சமெல்லாம் உங்ககிட்ட இருக்கு.”

“எனக்கு மட்டும் நிம்மதியாண்ணே? ‘எவ கையோட வந்து நிக்கீங்க’ன்னு கேக்கா என் வீட்டுக்காரி. தொட விடமாட்டேங்கா.”

இன்னொருத்தியும் வயிறெரிகிறாள் என்பது ஜெபசிங்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“அரங்குல விழுததுக்கு முன்னால கடைசியா என்ன சொன்னா?”

இர்ஃபான் மேசையிலிருந்த ஒப்புதல் பலகையைப் பார்த்தான். “உங்க பேரத்தான்...”

“இருங்க.” ஜெபசிங் பலகையை இழுத்து விரலை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. “ஒப்புதல் குடுத்தாச்சு. இனி பொய் சொல்ல வேண்டாம்.”

இர்ஃபான் மடித்த துணியைக் கீழே வைத்தான்.

“ஆபரேஷன் அப்ப தொடங்கல. முடி வழிக்க நர்ஸ் மெசினோட நின்னாங்க. அவங்ககிட்டதான் உங்க வீட்டம்மா கடைசியா சொன்னாங்க.”

“என்னன்னு?”

“‘சிஸ்டர், முழுசா வழிச்சிராதீங்க. கோடு போடுத இடம் மட்டும் போதும். பிள்ளை பள்ளிக்கூடம் போவணும்லா.’”