பிளாஸ்திரிக்குக் கீழே

கிபாயத்துல்லாவின் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது!

குளிப்பாட்டும் பலகையில் ஒருக்களித்துக் கிடந்தது தம்பி அக்தரின் உடல். முதுகில் ஒட்டியிருந்த பெரிய பிளாஸ்திரியை வெந்நீர் ஊற்றி அப்போதுதான் உரித்திருந்தார்.

"இன்னாச்சு பாய்?" உடலைப் பிடித்துக்கொண்டிருந்த முதாசிர் பதறினான்.

"முதுகைப் பாரு..."

போன வருடத்து ஆபரேஷன் தழும்பு மட்டும் வெளுத்துப்போய் இருந்தது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை!

"திங்கக்கெழம ரெண்டாவது ஆபரேஷன் பண்ணாங்கல்ல... தையல் எங்க பாய்?"

முதல் ஆபரேஷனுக்கு கிபாயத்துல்லாவின் முடிச்சூர் மனை விற்றுப் போனது. "முதுகெலும்புல போட்ட ஸ்க்ரூ லூஸாயிடுச்சு, திரும்பத் திறந்து மாத்தணும், ஏழு லட்சம்" என்று டாக்டர் தட்சிணாமூர்த்தி சொன்னார். ராஜகீழ்ப்பாக்கத்து டைல்ஸ் கடையும் போனது. தம்பி நிமிர்ந்து நடந்தால் போதும் என்றுதான் கொட்டிக் கொடுத்தார்.

நடக்கவில்லை. உயிர் போய் மையத்தாக வந்து சேர்ந்தான்.

"கத்தியே வைக்காம எப்படிடா செத்தான்?"

கதவுக்கு வெளியே அக்தரின் மனைவி குல்ஷன். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"மச்சான்... என்ன பண்ணப் போறீங்க?"

"போலீஸுக்குப் போறேன்மா."

"போஸ்ட்மார்ட்டமா? வேணாம் மச்சான்! அவர் பட்ட வலி போதாதா? சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்னு பள்ளிவாசல்ல சொல்லியாச்சு!"

"மண்ணைத் தள்ளிட்டா இந்த முதுகும் உள்ள போயிடும்மா. அந்தாளு அதைத்தான் நம்பிக்கிட்டிருக்கான்!"

குல்ஷன் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கடைசியில் சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் மாலை. ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறை.

"அடக்கம் முடிஞ்சுதா பாய்?" தட்சிணாமூர்த்தியின் குரலில் தேன் ஒழுகியது.

"ஆக வேண்டியது ஆச்சு சார்."

டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆபரேஷன் சக்ஸஸ்தான். ஹார்ட்தான் தாங்கல... விதி!"

"ஒண்ணே ஒண்ணு சார். அவன் முதுகுலேர்ந்து கழட்டுன பழைய ஸ்க்ரூவை குல்ஷன் கேக்குறா."

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு டிராயரைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே ஸ்க்ரூக்கள் கிணுகிணுத்தன.

"இந்தாங்க. என் கையாலயே கழட்டினது."

"அக்தரோடதுதானே சார்?"

"சத்தியமா!"

கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி உள்ளே வந்தார். கவரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப இது யாரோடது டாக்டர்? அக்தரோட ஸ்க்ரூ அத்தனையும் இன்னும் அக்தர் முதுகுலதான் இருக்கு!"

"அ... அடக்கம் பண்ணிட்டதா..."

"மார்ச்சுவரியில இருக்காரு. உங்க நர்ஸ் ஏஞ்சல் வாயைத் திறந்துட்டா. மயக்க மருந்து ஓவர்டோஸ்! மூளை செத்த ஆளை வென்டிலேட்டர்ல போட்டு வச்சு, பண்ணாத ஆபரேஷனுக்குப் பில் போட்டீங்க. முஸ்லிம் வூடு, அன்னிக்கே புதைச்சிடுவாங்கன்னு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினீங்க!"

"புதைக்கிறது தெரிஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி குளிப்பாட்டுறது தெரியல," என்றார் கிபாயத்துல்லா. "உடம்பு பூரா தண்ணி படணும் சார். பிளாஸ்திரியை உரிச்சுதான் ஆகணும்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"போஸ்ட்மார்ட்டம்... முடிஞ்சுதா?"

கிபாயத்துல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சுது டாக்டர். நீங்க ஏழு லட்சம் வாங்கியும் திறக்காத முதுகை, கவர்மெண்ட்ல ஃப்ரீயா திறந்துட்டாங்க!"