கவிழ்த்து வைத்த செங்கல்

காலையில் மேவிஸ் தரையைத் துடைத்தபோது, செங்கல்லில் பதிந்திருந்த அந்தக் காலடி பின்வாசலைப் பார்த்து இருந்தது. இப்போது மாடிப்படிக் கதவைப் பார்த்து இருந்தது.

உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்தாள். உடைந்திருந்த மூலை உட்பட, அதே செங்கல்தான். பதித்த செங்கல் தானாகத் திரும்பிப் படுக்குமா என்ன? காலையில் நீதான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பைக் கிளறப் போனாள்.

சஃபோக் வட்டாரக் களிமண்ணை அந்த வயலிலேயே வெட்டி, அங்கேயே சுட்டுக் கட்டிய பண்ணைவீடு அது. நடுவில் ஓர் அறை அளவுக்குப் பெரிய புகைபோக்கி. மற்ற அறைகளெல்லாம் அதைச் சுற்றித்தான். மாடிப்படிகூட அதை ஒட்டி, அலமாரி மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்து வளைந்து ஏறும். சமையலறைச் செங்கற்கள் தலைமுறை தலைமுறையாக மிதிபட்டுக் குழிந்துபோயிருந்தன. போன வாரம் அவள் கணவன் செட்ரிக் அவற்றைப் பெயர்த்து, அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் பதித்தான். அந்த ஊர்ப் பக்கம் எல்லோரும் செய்வதுதான், செலவில்லாமல் புதுத் தரை. ஒரு செங்கல்லின் அடியில் இருந்தது சின்னக் காலடி. சூளைக்குப் போகுமுன் காயப்போட்ட பச்சைக்கல்லின் மேல் எந்தக் குழந்தையோ ஓடியிருக்கிறது.

"ஒரு புள்ளையே போதும்னு சொன்னியே மேவிஸ், பாரு! ரெண்டாவது அதுவா வந்து நிக்குது," என்று அன்றைக்குச் செட்ரிக் சிரித்தான்.

"வாய மூடுய்யா. இதுக்கும் நாந்தான் சாக்ஸ் பின்னணுமா?"

மகள் டில்லி தன் காலை அதில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அவளுடைய சுண்டுவிரல் மட்டும் பிறந்ததிலிருந்தே பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அதனால் முழுசாகப் பொருந்தவில்லை. அந்த விரலைத் தொட்டால் போதும், கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே மடக்கிக்கொள்வாள். அதற்காகவே மேவிஸ் தினமும் தொடுவாள்.

இன்று செட்ரிக் மாட்டுச்சந்தைக்குப் போயிருந்தான். பனி கொட்டித் தேநீர் வேளைக்கே இருட்டிவிட்டது. டில்லி மாடியில், புகைபோக்கிச் சுவரின் கதகதப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே, உலர்ந்த வீட்டுக்குள் எங்கிருந்தோ ஈரக் களிமண் வாசனை வந்தது, அப்புறம் வெறுங்கால் தத்தித் தத்தி நடக்கும் சத்தம், மிக மெதுவாக, தரையின் மேலே அல்ல, தரைக்கு அடியில்.

 அந்தக் காலத்தில் தரை போட்ட கொத்தன் வழவழப்பான பக்கம் மேலே வரட்டும் என்றுதான் அந்தச் செங்கல்லைக் கவிழ்த்து வைத்திருப்பான். வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆனால் கவிழ்ந்திருந்த கால் இத்தனை காலமும் பூமிக்குள் இறங்கி நடந்திருக்கும். இப்போது அதை மேல்நோக்கித் திருப்பிவிட்டோம்.

அவள் குனிந்து பார்த்தாள். மூலை உடைந்த செங்கல் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது.

காலடி மாடிப்படிக் கதவோரச் செங்கல்லில் இருந்தது.

கதவுத் தாழ் மெல்லத் தூக்கிக்கொண்டது.

"டில்லி!"

"பாப்பா வந்துருச்சும்மா," மேலேயிருந்து தூக்கக் குரல். "கால் ஜில்லுன்னு இருக்கு."

கதவைத் திறந்தாள். படிகளில் ஒன்றும் இல்லை. பக்கத்துச் சுவரில் இருந்தன. புகைபோக்கியின் செங்கற்களில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஈரமாக, மேலே ஏறிப்போன காலடிகள்.

ஓடினாள். மேலே டில்லி சிரித்தாள். கூச்சம் தாங்காத சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது.

கட்டில் காலி. போர்வையில் சூடு. தரையில் ஒரு ஜோடி சாக்ஸ். ஜன்னல் பூட்டியிருந்தது.

சிரிப்பு மறுபடி கேட்டது. கீழே. சமையலறைக்கும் கீழே.

விழுந்தடித்து இறங்கினாள். காலடி பழைய செங்கல்லுக்கே திரும்பியிருந்தது. அதன் பக்கத்துச் செங்கல்லில் இன்னொன்று. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

"டில்லி. என் கண்ணு. வந்துடும்மா."

அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியால் அதை இடித்தாள். பொறி பறந்தது. செங்கல் அசையவில்லை. சூளையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோலச் சுட்டது.

மண்டியிட்டாள். விரலை நீட்டி அந்தச் சுண்டுவிரலைத் தொட்டாள்.

செங்கல்லுக்குள், அது கூசி மடங்கிக்கொண்டது.