பூட்டிவிட்டுப் போனவன்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் திடீர் மழை. பௌர்ணமிக் கூட்டம் சிதற, டீக்கடைத் தகரத்துக்கடியில் ஒதுங்கிய எழிலரசியின் காலை ஒரு வெறுங்கால் மிதித்தது.

"கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுதுங்க... அதான் தடுமாறிட்டேன்."

நிமிர்ந்தாள். அவன் இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... ஜவுளிக்கடைக்காரர் மகள் அவள். விலை ஏறிவிடாமலிருக்க, பிடித்த சேலையை முதலில் ஓரமாகத் தள்ளத் தெரிந்தவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோபம் ஜாஸ்திதான். யாரையோ தேடுறீங்க போல?"

"முருகவேல்னு ஒருத்தர். வேங்கிக்கால்ல எங்க கேம் கம்பெனிக்குப் படம் வரையறவரு. நான் இந்த வாரம்தான் சேர்ந்தேன், மூஞ்சி கூட பாத்ததில்ல. யார் எதை மாத்தினாங்கன்னு காபந்து பண்ற சாஃப்ட்வேர்ல கோபுரப் படத்தப் பூட்டிட்டு, போனையும் அணைச்சிட்டு கிரிவலம் வந்துட்டாரு. அவரு விடாம வேற யாரும் கை வைக்க முடியாது. வெறுங்கால், ஈர வேட்டின்னு அடையாளம் சொன்னாங்க... இங்க எல்லாருமே அப்படித்தான் இருக்காங்க!"

"அயோக்கியன்..."

"மகா அயோக்கியன்!"

அவன் இடுப்பிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தான். தட்டினான். "தொறந்துட்டேங்க."

எழிலரசிக்குக் காது வரை சிவந்தது. வெட்கத்தைக் கோபமாக்கி நீட்டினாள்.

"இதுக்குத்தான் காசில்லாத ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு மாறணும்னேன். இப்ப இருக்கறது வாடகைச் சாமான், தலைக்கொரு லைசன்ஸ். எனக்குன்னு ஒண்ணு வாங்கல, அது இல்லாம எனக்கு வேலையும் ஓடாது. நீங்களும் சரின்னாத்தான் மாத்துவேன்னு முதலாளி பரசுராமன் சார் சொல்லிட்டாரு. இல்லன்னா நான் திரும்ப சென்னைதான்."

"படத்துல ரெண்டு பேர் கை வெச்சா ஒருத்தன் உழைப்பு குப்பைக்குங்க. பூட்டு வேணும்."

"பூட்டு இதுலயும் இருக்கு. அங்க சாவி விக்கிறவன்கிட்ட... இங்க நம்மகிட்ட."

அவன் அவளையே பார்த்தான். "சரி, மாத்திடலாம்."

இவ்வளவு சீக்கிரமா? அவளுக்குச் சுருக்கென்றது. "எங்க ஜவுளிக்கடையில, பேரமே பேசாம தலையாட்டுறவன் சரக்கைப் பாக்கலன்னு அர்த்தம். பாவம் பாத்து ஒத்துக்காதீங்க. நான் சென்னைக்கே போறேன்."

மழையில் இறங்கி நடந்தாள். விலை படியாவிட்டால் நடந்துடு, கடைக்காரன் கூப்பிடுவான் என்பது அப்பாவின் பாடம்... ஐயோ, கூப்பிடவில்லையே! கால்கள் தாமாகவே தயங்கின.

பக்கத்தில் சளக் சளக்கென்று சத்தம். தொப்பலாக நனைந்து அவன்.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா விலை ஏத்துவீங்க. நானும் பாத்திரக்கடைப் பையன்தாங்க." மூச்சு வாங்கினான். "உங்க பூட்டைப் போட்டு இழுத்துப் பாத்துட்டுத்தான் சார்கிட்ட சரின்னு சொல்வேன். நிக்கலன்னா சண்டைதான். அதுல பாவம் புண்ணியம் கிடையாது."

"அப்ப ஏன் உடனே தலையாட்டினீங்க?"

"சென்னைன்னீங்களே... பயந்துட்டேன்." குரல் இறங்கியது. "உங்களப் புடிச்சிருக்குங்க..."

பிடித்ததை இனியும் ஓரம் தள்ளினால் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள்.

"எனக்கும்தான்..." என்றாள்.

"இவ்ளோ சீக்கிரமா? பேரம்?"

அவன் இமை நுனியில் மறுபடி வந்து நின்ற துளியை அவள் விரலால் துடைத்தாள்.

"சரக்கைப் பாத்துட்டேன்."