தரையில் காது வைத்தவர்

மாடி அறைக்குப் புதிதாகக் குடிவந்தவர் மேல் ரேடியோவுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

ரேடியோ என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். வயது பத்துதான். ஆனால் வாயைத் திறந்தால் நிறுத்த ஆளில்லை. பள்ளி விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து கதை விடுவாள். தெருப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

புதியவரோ யாரோடும் பேசவில்லை. எங்கே போனாலும் கையில் நீளமான இரும்புக் கம்பி ஒன்று. அதன் ஒரு முனையில் கிண்ணம் மாதிரி என்னவோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்காரம்மாவின் சுவரோரம் அவர் மண்டியிட்டிருந்தார். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு நாலடி தள்ளிப் போய் மறுபடியும் அதையே செய்தார்.

"அக்கா, என்ன பண்றாரு?" என்றான் தம்பி.

"ஒட்டுக் கேக்கறாரு. எந்த வீட்ல ஆள் இருக்கு, எந்த வீட்ல இல்லன்னு."

"தரைக்குள்ளயா ஆள் இருப்பாங்க?"

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அன்று மாலை மாடிப்படியில் திருடன் கதை அரங்கேறியது. திருடனுக்கு ஒரு கம்பி, ஒரு கூட்டாளி, ஒரு பெரிய கோணிப்பை. பிள்ளைகள் அதை வீட்டுக்கு வீடு கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அம்மா கதவுக்கு இரண்டாவது பூட்டு மாட்டினாள். "மாடில இருக்கறவருக்கு முதுகுல வெட்டுத் தழும்பு இருக்காம். ஜாக்கிரதையா இருங்க."

ரேடியோ விழித்தாள். தழும்பை அவள் சொல்லவே இல்லை. அவள் விட்ட கதை ஊர் சுற்றி, வளர்ந்து, அவளையே பயமுறுத்த வந்திருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மாவின் குரல் மேலே கேட்டது. "சனிக்கிழமைக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்க."

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

"எனக்குத் தெரியாது. எல்லாரும் சொல்றாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

எல்லாரும் என்றால் யார்? யோசிக்க யோசிக்க ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே திருடனாக இருந்தால்? இல்லாவிட்டால்?

அன்று பள்ளி அரை நாள்தான். மதியம் அவர் மறுபடி சுவரோரம் மண்டியிட்டபோது, துணைக்குத் தம்பியை இழுத்துக்கொண்டு போனாள். ஓடுவதற்குத் தோதாக நாலடி தள்ளியே நின்றாள்.

"மாமா, தரையில காது வெச்சு என்ன கேக்கறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க வந்ததுலேருந்து யாருமே இதைக் கேக்கல. வந்து நீயே கேளு."

ரேடியோ தயங்கித் தயங்கிக் காதை வைத்தாள். "ஒண்ணும் கேக்கலையே. ஓட்டையா இது? ஏன் இவ்வளவு குளிருது? என்ன..."

"பேசாம இருந்தாத்தான் கேக்கும்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு முறை வாய் துறுதுறுத்தது. மூன்றாம் முறை அடக்கிக்கொண்டபோது, எங்கோ அடியில் மெல்லியதாக ஒரு சீறல்.

"பாம்பா?"

"தண்ணி. குழாய் உடைஞ்சு மண்ணை அரிக்குது. இப்படியே விட்டா இந்தச் சுவர் சாஞ்சிடும். நான் குடிநீர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஒழுகற இடத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. மதியம்தான் சத்தம் இருக்காது."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"இடம் சரியாத் தெரியாம சொன்னா தெரு முழுக்கத் தோண்டிப் போட்டுடுவாங்க. இப்பத்தான் உறுதியாச்சு." கம்பியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அதோட எனக்குப் பேச வராதும்மா. கேக்கத்தான் வரும்."

"எனக்குப் பேச மட்டும்தான் வரும்," என்றாள் ரேடியோ. குரல் உள்ளே போயிருந்தது.

அன்று மாலை மாடிப்படிக்குப் பெரியவர்களையும் கூப்பிட்டாள். "ஒருத்தர் புது ஊருக்கு வேலைக்கு வந்தார்," என்று ஆரம்பித்தாள். அவர் படியிறங்கினால் கதவுகள் சாத்திக்கொள்வதையும், எதற்கென்றே தெரியாமல் அவர் தன் அறைக்குத் திரும்புவதையும் சொன்னாள். லீவு நாளிலும் தெருவுக்காக, சுவருக்கு அடியில் ஒழுகும் குழாயைத் தேடி அவர் மண்டியிட்டதைச் சொன்னாள். யாரும் அசையவில்லை.

"பாவம், யாருடி அவரைப் பத்தி அப்படிக் கதை கட்டினது?" என்றார் வீட்டுக்காரம்மா.

ரேடியோவின் காது சூடானது. "நான்தான்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வீட்டுக்காரம்மா எழுந்து, சுவரோரம் நின்ற மாடிக்காரரிடம் போய், கம்பியை வாங்கிக் காதில் வைத்தார். சீறலைக் கேட்டதும் அந்தம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

மறுநாள் காலை மாடிக்காரர் காட்டிய இடத்தில் ஒரே ஒரு குழி தோண்டினார்கள். தண்ணீர் பீறிட்டது. அஸ்திவாரத்தின் ஓரம் வரை மண் கரைந்து கிடந்தது.

வீட்டுக்காரம்மா அவர் அருகில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "அன்னிக்குக் காலி பண்ணச் சொன்னேனே, அது வந்து..."

"அப்படியாம்மா?" என்றார் அவர், கம்பியைத் துடைத்தபடி. "என் காதுல எதுவும் விழலையே."