உள்ளே இருந்த மச்சான்

மறுநாள் வால்ரஸ் என்கிற தந்தமுள்ள கடல்விலங்குகளைப் பார்க்க இருபது சுற்றுலாப் பயணிகள் வருவதாக இருந்தது. கரையில் பனிக்கரடி நடமாட்டம் உண்டா என்று பார்த்துவைக்க, நானும் ஹால்வர்ட் மச்சானும் முன்னாடியே படகில் வந்து தீவில் இறங்கினோம். மச்சான் என் அக்கா ராக்னாவின் புருஷன். அக்காவுக்கு எட்டு மாசம். "இவரைப் பத்திரமா கூட்டிட்டு வாடா" என்று என்னிடம் சொல்லித்தான் அனுப்பினாள்.

வேட்டைக்காரர்களின் பழைய குடிசையில் சாமான்களை வைத்தோம். சீல் கொழுப்பு நாற்றம் பலகையெல்லாம் ஊறியிருந்தது.

"அடுப்பை மூட்டு மாப்ள. தோட்டாப் பெட்டிய படகுலயே விட்டுட்டேன்."

"வயசாகுதுல்ல, மறக்கத்தான் செய்யும்."

"போடா!" சிரித்துக்கொண்டே போனார்.

பட்டப்பகல்தான். ஆனாலும் பனிமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டது. வால்ரஸ்களின் உறுமல் சட்டென்று நின்றது.

இரண்டே நிமிஷத்தில் மச்சான் திரும்பிவிட்டார். வெறுங்கை.

"கரடி. தாழ்ப்பாளைப் போடு."

போட்டேன். பாவி, போட்டேன்! எங்கள் தீவுகளில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை. கரடி துரத்தி ஓடிவருகிறவன் எந்தக் கதவையும் திறந்து நுழையலாம். எங்கள் ஆள் எவனும் அப்படிச் சொல்லமாட்டான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வெளியே யாரோ ஓடிவந்தார்கள்.

கதவு அதிர்ந்தது.

"எஸ்பென்! தொறடா! பின்னாடியே வருதுடா!"

மச்சான் குரல்.

திரும்பினேன். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"அது நான் இல்ல" என்றார் மெதுவாக.

"மாப்ள... விளையாடாதடா... ஏன்டா தாழ் போட்ட?" வெளியே அழுகை. நகம் பலகையைப் பிறாண்டியது.

என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. இழுத்தால் போதும். பயம். சத்தியமாகச் சொல்கிறேன், வெறும் பயம். இழுக்கவில்லை.

பிறகு அலறல். அது சீக்கிரத்தில் முடியவில்லை.

பனி விலகியதும் திறந்தேன். கரடித் தடம், ரத்தம், தோளோடு பிய்ந்த ஒரு கை. விரலில் அக்கா போட்ட கல்யாண மோதிரம்.

உள்ளே இருந்தவர் குனிந்து அதைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டார்.

"தாழ் போட்டது நீதான். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கிளம்பலாமா மாப்ள?"

துறைமுகத்தில் அக்கா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, ஏன் இப்படிச் சில்லுனு இருக்கீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் புருஷனைக் கொன்றவன் நான்தான்.

அவர் அவள் வயிற்றில் கை வைத்தார்.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"எஸ்பென்... காலைலேர்ந்து உதைச்சுக்கிட்டே இருந்துச்சுடா. இப்ப அசையவே மாட்டேங்குது."