எத்தனை தோட்டா போதும்

வேலியோரப் பனியில் ஏழு ஜோடி பூட்ஸ் தடங்கள் இருந்தன.

முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க ஊரார் படுக்கை விரிப்புகளை மாற்றிவிட்டு, தன் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கி வந்தவைபோல் ஒட்டாமல் தொங்க, ரோவீனா காரிலிருந்து இறங்கியபோது, விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் அவள் கண்ணில் முதலில் பட்டவை அவைதான். வரிசையாக, தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில், கணவன் ஹார்லன் படுத்திருக்கும் அறையின் ஜன்னலைப் பார்த்தபடி ஏழு பேர் நின்றிருக்கிறார்கள். நின்றதில் அதிசயமில்லை. மேற்கு வர்ஜீனியாவில் மான் வேட்டைக்கு வந்து வழி தவறியவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்பார்கள். ஆனால் வேலிக்கு வந்த தடமும் இல்லை, அங்கிருந்து போன தடமும் இல்லை. சுற்றிலும் பனி, இன்னும் யாரும் படுக்காத கட்டில்போல் மழமழவென்று கிடந்தது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். களைத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பயம்கூட உள்ளே வர வரிசையில்தான் நிற்க வேண்டும். முதலில் ஷூவைக் கழற்ற வேண்டும். ஹார்லனுக்குக் காப்பி போட வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஹார்லன் பாதி ஆயுளை நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்தவன். சுரங்கம் மூடப்பட்டுப் பல வருடமாகியும் அதில் ஒரு பகுதி இன்னும் அவன் நுரையீரலில் இயங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் புஸ்ஸென்று இழுத்து டக்கென்று விடும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அவன் மூக்குக்குப் போகும். அந்தக் குழாய்தான் அவன் உயிர். அவள் வேலைக்குப் போனால் அவனுக்குத் துணை அந்த இயந்திரம்தான்.

"ஏழு பேரா?" என்றான் ஹார்லன். "சும்மா நின்னதுக்கு ஆளுக்கொரு மண்வெட்டி குடுத்திருந்தா வாசல் பனியையாவது தள்ளியிருப்பானுங்க."

"உனக்குச் சத்தம் எதுவும் கேக்கலையா?"

"இந்த மெஷின் போடுற சத்தத்துல ரயில் வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது ரோவீ. போய்த் தூங்கு. மூஞ்சியப் பாத்தா நீதான் நோயாளி மாதிரி இருக்க."

ஷெரீப் அலுவலகத்திலிருந்து வந்தவன் தடங்களைப் பார்த்து, காப்பியைக் குடித்து, பசங்க குதிச்சு விளையாடியிருப்பாங்க மேடம் என்றான். எங்கிருந்து குதித்தார்கள் என்று அவள் கேட்டாள். அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். அங்கேயும் எதுவும் இல்லாததால் கிளம்பிப் போனான்.

மத்தியானம் ஹார்லனின் தம்பி டெல்பர்ட் பிக்அப் வண்டியில் வந்து இறங்கினான். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு துப்பாக்கி யோசனை இருக்கும். ஒழுகும் கூரைக்குக்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

"வீட்ல என்ன அண்ணி இருக்கு?"

"உங்கப்பாவோட பழைய ரிவால்வர். அலமாரியில கிடக்கு."

"அதுல ஆறு தோட்டா. வந்தது ஏழு பேரு. கணக்கு உதைக்குதே அண்ணி."

உதைத்தது உண்மைதான். அவளுக்கு விவாதம் செய்யத் தெம்பில்லை. அவனுடைய வண்டியில் ஏறி லைலின் கடைக்குப் போனாள்.

லைலின் கடையில் ஒருபக்கம் மீன் தூண்டிலுக்கான புழு, ஒருபக்கம் சூடான பெப்பரோனி ரோல், நடுவில் கண்ணாடிக்குக் கீழே துப்பாக்கிகள். மூன்றும் கலந்த வாசனைக்கு அந்த ஊரில் பசி எடுக்கும். லைல் ஒரு பிஸ்டலை எடுத்து, பல் வைத்தியர் கருவிகளைப் பரப்புவதுபோல் பக்கத்தில் தோட்டா நிரப்பும் மேகசின்களை அடுக்கினான்.

"இதுல பத்து போகும். இதுல பதினஞ்சு. நீளமா ஒண்ணு இருக்கு, முப்பதுக்கு மேல. ஆனா அத மாட்டினா தலகாணிக்கு அடியில வைக்க முடியாது, தலகாணியத்தான் அதுக்கு அடியில வைக்கணும்."

"ஒரு வீட்டுக்கு எத்தனை போதும்?"

"அத நான் சொல்லக் கூடாது மேடம். எத்தனை பேர் வருவாங்கன்னு நீங்க சொல்லுங்க, அதுக்குத் தக்க மேகசின் நான் தர்றேன்."

"பத்து போதும் அண்ணி," என்றான் டெல்பர்ட். "வந்தது ஏழுதானே. மூணு மிச்சம்."

மிச்சம் என்ற சொல் அவளுக்கு இதமாக இருந்தது. பத்துத் தோட்டா மேகசினை வாங்கினாள். ரிவால்வரை டெல்பர்ட் துடைத்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான். வேலைக்குப் போகும்முன் நிரப்பிய பிஸ்டலை ஹார்லனின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

அடுத்த பனி விழுந்த காலையில் பதினொரு ஜோடித் தடங்கள் இருந்தன. வேலியோரமாக அல்ல; வேலிக்கு இந்தப் பக்கம், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே.

எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாள். முதியோர் இல்லத்தில் மாத்திரைகளை எண்ணும்போது வரும் அதே அலுப்புதான் வந்தது. பிறகு உள்ளே போய் டெல்பர்ட்டைக் கூப்பிட்டாள்.

"பதினஞ்சா மாத்திடு அண்ணி," என்றான் டெல்பர்ட், போனில். "விட்டுப் பிடிக்கக் கூடாது."

லைலிடம் போய் மாற்றினாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன பீன்ஸையும் சோளரொட்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேகசினுக்குள் அழுத்தினாள். புது ஸ்பிரிங் முரடு. கடைசித் தோட்டாக்கள் உள்ளே போக மாட்டேன் என்று எதிர்த்துத் தள்ளின. பதினான்காவதில் கட்டைவிரல் தோல் உரிந்தது. போதும் என்று விட்டுவிட்டாள். ஒன்று குறைந்தால் குடிமுழுகிப் போய்விடாது.

அடுத்த காலையில், ஜன்னலுக்கு நேர் கீழே, பதினைந்து ஜோடி.

ஆறுக்கு ஏழு, பத்துக்குப் பதினொன்று என்று வந்தவர்கள் பதினைந்துக்குப் பதினாறாக வரவில்லை. அவள் மேகசினின் அளவை அவர்கள் பார்க்கவில்லை. அதற்குள் எத்தனை போட்டாள் என்பதைப் பார்த்திருக்கிறார்கள். உரிந்த கட்டைவிரலைப் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையருகே, அவள் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாக, கூடவே எண்ணியிருக்கிறார்கள்.

அவள் அங்கேயே பனியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தூக்கம் வந்தது.

"அப்ப அவனுங்களுக்குத் தெரியாத தோட்டா ஒண்ணு வேணும்," என்றான் டெல்பர்ட், விஷயத்தைக் கேட்டுவிட்டு. அவன் சிரிக்கவில்லை. தடங்களைப் பார்த்த பிறகு அவனும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "மேகசின்ல பதினஞ்சு ரொப்பு. ஒண்ணக் குழலுக்குள்ள ஏத்திடு. காலியான இடத்துல இன்னொண்ணு போடு. பதினாறு. மேகசினத் தொறந்து பாத்தாலும் பதினஞ்சுதான் தெரியும். இங்க எல்லாரும் பண்றதுதான் அண்ணி."

இருட்டில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்கு அடியில் கையை விட்டு அவள் அதைச் செய்தாள். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று யோசிக்கவில்லை. குழாயில் நீர் சொட்டியது. சோப்பு வாசனைக்கு நடுவே ஈரக் கம்பளி வாசனை ஒன்று லேசாக வந்தது. அந்த வீட்டில் கம்பளி எதுவும் நனைந்திருக்கவில்லை.

காலையில் தாழ்வாரத்துப் பலகையில் பதினேழு ஜோடி. இடமில்லாமல் சிலர் மற்றவர் தடத்தின் மேலேயே நின்றிருந்தார்கள்.

ஹார்லன் தூங்கிக்கொண்டிருந்தான். புஸ். டக். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூச்சு பட்டு உறைந்த வட்டங்கள், உயர உயரமாக, தொட்டுக்கொண்டு. அவள் அவற்றை எண்ணவில்லை.

லைலிடமிருந்த நீள மேகசினை நினைத்தாள். முப்பத்துச் சொச்சம். அப்படியானால் முப்பத்துச் சொச்சம் பேர், கூட ஒருவர். தாழ்வாரத்தில் அத்தனை பேர் நிற்க முடியாது. உள்ளேதான் வந்தாக வேண்டும். அவள் தோட்டா வாங்க வாங்க, வீட்டுக்குள் அவர்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அவள் முடிவுக்கு வந்தாள். வீரமான முடிவல்ல. இரவுப்பணி பார்ப்பவர்கள் எடுக்கும் முடிவு: ஆளைக் குறை.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு," என்றாள் டெல்பர்ட்டிடம். "பிஸ்டல், தோட்டா, எல்லாம். ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது."

"பைத்தியமா அண்ணி உனக்கு? வெறுங்கையோடயா இருக்கப் போற?"

"ஒண்ணுமே இல்லேன்னா எத்தனை பேர் வருவாங்க? சொல்லு."

அவன் வாய்க்குள் கணக்குப் போட்டான். முகம் மாறியது.

"ஒருத்தன்," என்றான்.

"ஒருத்தன நான் பாத்துக்குவேன். தினமும் ராத்திரி ராட்சசன் மாதிரி இருக்கிற கிழவனுங்கள ஒத்த ஆளாத் தூக்கிக் குளிப்பாட்டுறேன். ஒருத்தன் பெரிய விஷயமா?"

டெல்பர்ட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். கிளம்பும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். ஹார்லன் படுக்கையிலிருந்தே சிரித்தான்.

"நல்ல காரியம் பண்ண. அவன் வாங்கச் சொன்னதுல உருப்படியான பொருள் எதுவுமே கிடையாது. அந்த ஒருத்தன் வந்தா சீட்டு விளையாடத் தெரியுமான்னு கேளு."

அன்று அவளுக்கு விடுமுறை. எல்லாக் கதவுகளையும் தாழிட்டாள். பகல் வெளிச்சம் வராமலிருக்கத் தன் அறையில் மாட்டிய தடித்த திரைகளை இழுத்துவிட்டுப் படுத்தாள். சுவருக்கு அப்பால் இயந்திரம் இழுத்து விட்டது, இழுத்து விட்டது. கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது. கணப்பில் விறகு முனகியது. இந்த ஒலிகளின் மேல் அவள் மிதந்துகொண்டே, பல வாரங்களில் முதல் முறையாக, அடி காணாத தூக்கத்துக்குள் இறங்கினாள்.

விழித்தபோது சாயங்காலம் இருட்டியிருந்தது. வாசல் விளக்கு எரிந்தது. புதிதாகப் பனி விழுந்திருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியோரம் எதுவும் இல்லை. துணிக் கம்பிக்குக் கீழே இல்லை. தாழ்வாரத்துப் பலகை வெள்ளையாக, சுத்தமாக.

யாரும் வரவில்லை. ஒருவர்கூட.

சிரிப்பு வந்தது. காப்பி போடலாம் என்று கூடத்துக்கு வந்தாள்.

ஈரக் கம்பளி வாசனை.

கூடத்துத் தரையில் ஒரு ஜோடி ஈரத் தடம். வந்த தடம் இல்லை. போன தடம் இல்லை. ஹார்லனின் அறை வாசலில், உள்ளே பார்த்தபடி. நின்ற இடத்தில் நீர் தேங்கியிருந்தது. நெடுநேரம் நின்றிருக்க வேண்டும்.

கதவு ஒருக்களித்திருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. புஸ்.

"ஹார்லன்?"

டக் வரவில்லை.

அவள் கதவைத் தள்ளினாள்.

கட்டில் விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. முதுகு இந்தப் பக்கம். அகன்ற முதுகு. தோளில் பனி, உருகாமல். இயந்திரத்திலிருந்து கிளம்பிய குழாய் கட்டிலைத் தாண்டி, அதன் தோளின் மேல் ஏறி, முகம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது.

அதற்குப் பின்னால் ஹார்லன். கண் திறந்திருந்தது. உதடு நிலக்கரி நிறம். ஒரு கையை அவளை நோக்கி நீட்டியிருந்தான். விரல்கள் மட்டும் அசைந்தன. வா என்றா, போ என்றா, தெரியவில்லை.

ரோவீனாவின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

அது மூச்சை உள்ளே இழுத்தது. ஜன்னல் திரை அதன் பக்கமாகச் சாய்ந்தது. போர்வை ஓரம் சாய்ந்தது. அவள் நெற்றி மயிர் முன்னால் பறந்தது.

அது விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது.